சீருடையில் வந்த நாட்டுப்புறப் பாட்டு

1986-ஆம் ஆண்டின் கடைசியில், ஷியாமென் நகரத்தின் துணை மேயராக இருந்த, இன்று சீன அதிபராக உள்ள, 33 வயது ஷி ஜின்பிங், தெரிந்தவர்களின் ஏற்பாட்டில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனார். முதல் திருமணம் முறிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. வந்த பெண் பெங் லியுவான். வயது 24, நாடறிந்த பாடகி. ஆள் வெறும் அழகைப் பார்த்து வருகிறாரா என்று சோதிக்க, வேண்டுமென்றே தொளதொள ராணுவ பேண்ட்டைப் போட்டுக்கொண்டு போனதாகப் பெங் பிறகு பேட்டியில் சொல்லியிருக்கிறார். இப்போது எந்தப் பாட்டு பிரபலம், ஒரு நிகழ்ச்சிக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள் என்றெல்லாம் ஷி கேட்கவில்லையாம். அவர் கேட்டது, வாய்ப்பாட்டில் எத்தனை பாடும் முறைகள் இருக்கின்றன என்று. அந்தக் கேள்விதான் தன்னைக் கவர்ந்தது என்கிறார் பெங்.

காதல் கதையாக இது பல முறை அச்சாகிவிட்டது. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் பெங் லியுவான் யார் என்பதில் பாதி புரிந்துவிடும். 1980-களின் சீனாவில் விடை: மூன்று. இத்தாலிய ஆப்பரா வழியில் வந்த மேற்கத்தியக் குரல்முறை ஒன்று. 'தேசிய' முறை ஒன்று. மெல்லிசை ஒன்று. சீன மத்தியத் தொலைக்காட்சியின் இளம் பாடகர் போட்டி 1986-இல் இந்த மூன்று பிரிவுகளாகத்தான் நடந்தது. பெங் நடுவில் உள்ள பிரிவைச் சேர்ந்தவர். வெளிநாட்டுச் செய்திகளில் 'நாட்டுப்புறப் பாடகி' என்று எழுதுவது இதைத்தான்.

அதைப் படித்துவிட்டு வயல்வரப்பிலும் கோயில் திருவிழாவிலும் பாடி வளர்ந்த ஒருவரை நாம் கற்பனை செய்துகொண்டால் ஏமாந்துபோவோம். இந்தத் தேசிய முறை இசைக்கல்லூரியில் உருவானது. பெய்ஜிங்கில் உள்ள சீன இசைக் கல்லூரியின் பேராசிரியர் ஜின் தியெலின், மேற்கத்திய மூச்சுப் பயிற்சியையும் குரல் எதிரொலிப்பையும் எடுத்து, சீன மொழியின் உச்சரிப்புத் தெளிவோடும் நாட்டுப்புற மெட்டுகளின் நெளிவுகளோடும் சேர்த்து ஒரு பாடத்திட்டமாகவே வளர்த்தார். பெங், சோங் சூயிங், யான் வெய்வென் என்று சீனத் தொலைக்காட்சியை நிறைத்த குரல்கள் பலவும் அவருடைய மாணவர்கள். உச்ச ஸ்தாயியில் கண்ணாடி போலத் தெளிவான குரல், பின்னால் முழு வாத்தியக் குழு, தரையைத் தொடும் பளபளப்பான அங்கி. தேசிய முறை என்றால் சீனர்களுக்கு நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான். 1990-இல் இந்தத் துறையில் முதுகலைப் பட்டம் பெற்றார் பெங். சீனாவில் அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் ஆள் அவரே.

இந்த முறைமீது சீனாவுக்குள்ளேயே ஒரு பழைய குறை உண்டு. ஆயிரம் பேர் பாடினாலும் ஒரே குரல் கேட்கிறது என்பார்கள். வடக்கு ஷான்ஷி மலைப்பாட்டின் கரகரப்பும் யுன்னான் மலைக்குடிகளின் பாட்டும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டு வெளியே வருகின்றன என்பது புகார். எனக்கு இது நியாயமான குறையாகத்தான் படுகிறது. 2006-இல் அதே தொலைக்காட்சிப் போட்டியில், பயிற்சி பெறாத கிராமத்துப் பாடகர்களுக்கென்று நான்காவதாக ஒரு பிரிவைத் திறக்க வேண்டியிருந்தது. 'தேசிய' பிரிவு என்று ஒன்று இருபது ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தும், நிஜ நாட்டுப்புறப் பாட்டுக்கு அதில் இடமில்லாமல்தான் இருந்தது.

இந்த வழக்கத்துக்கு வேர் 1942-இல் இருக்கிறது. ஜப்பானியப் படையெடுப்புக் காலத்தில் யெனான் மலைக்குகைகளில் தளம் அமைத்திருந்த கம்யூனிஸ்ட் கட்சி, அந்த மே மாதம் எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் கூட்டி வைத்துப் பேசியது. கலை மக்களுக்காக, அரசியலுக்குக் கட்டுப்பட்டு இருக்க வேண்டும் என்று மாவோ சொன்னது அங்கேதான். உடனே இசை மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு கிராமங்களுக்குப் போனார்கள். விவசாயிகளின் மெட்டுகளை எழுதி வந்தார்கள். மெட்டை வைத்துக்கொண்டு சொற்களை மாற்றினார்கள். 'கிழக்கு சிவக்கிறது' என்று மாவோவைப் போற்றி உலகறிந்த பாட்டுக்குக் கீழே இருப்பது ஷான்ஷி மாகாணத்துக் கிராமத்து மெட்டு.

அந்த முயற்சியில் பிறந்த பெரிய படைப்பு 'வெள்ளைக் கூந்தல் பெண்' என்ற இசை நாடகம். 1945-இல் யெனானில் அரங்கேறியது. கடன்பட்ட குத்தகை விவசாயி ஒருவர் மகளைப் பண்ணையாருக்குக் கொடுக்கும்படி ஆகி, தாங்க முடியாமல் தற்கொலை செய்துகொள்கிறார். மகள் சியர் பண்ணையார் வீட்டிலிருந்து தப்பி மலையில் ஒளிந்து வாழ்கிறாள். முடி முழுக்க நரைத்துவிடுகிறது. கடைசியில் கம்யூனிஸ்ட் படை வந்து மீட்கிறது. இதைப் பார்த்துக் கொதித்த படைவீரர்கள் பண்ணையாராக நடித்தவரை நோக்கித் துப்பாக்கியைத் தூக்கியதாகக் கதைகள் உண்டு. சியராக நடிப்பது சீனாவில் ஒரு பரம்பரைப் பட்டம் மாதிரி. முதலில் வாங் குன், பிறகு குவோ லான்யிங். 1985-இல் மூன்றாம் தலைமுறை சியர் பெங் லியுவான். நாடகக் கலைக்கான மெய்ஹுவா விருது அதற்காகவே அவருக்குக் கிடைத்தது.

பெங் 1962 நவம்பரில் ஷான்டோங் மாகாணத்தின் யுன்செங் வட்டத்தில் பிறந்தவர். அப்பா வட்டக் கலாச்சார நிலைய ஊழியர். அம்மா உள்ளூர் நாடகக் குழுவில் பாடி நடித்தவர். பதின்ம வயதில் மாகாணக் கலைப்பள்ளி, 1980-இல் 18 வயதில் மக்கள் விடுதலை ராணுவம். பாடகிக்கு ராணுவத்தில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். சீன ராணுவத்தில் பாட்டும் ஒரு வேலை. ஒவ்வொரு ராணுவ வட்டாரத்துக்கும் தனி ஆடல்-பாடல் குழு இருந்தது. எல்லைக் காவல் முகாம், வெள்ள நிவாரணப் பகுதி, தேசிய விழா மேடை என்று அனுப்பும் இடத்துக்குப் போய்ப் பாட வேண்டும். மாதச் சம்பளம், குடியிருப்பு, படிப்படியான பதவி உயர்வு எல்லாம் உண்டு. பெங் முதலில் ஜினான் ராணுவ வட்டாரக் குழுவில் சேர்ந்தார். 1984-இல் ராணுவத்தின் பொது அரசியல் துறைக் குழுவுக்கு, அதாவது பெய்ஜிங்குக்கு, மாறினார். மேஜர் ஜெனரலுக்கு இணையான தகுதி வரை உயர்ந்தார். 2012-இல் ராணுவக் கலைக் கழகத்தின் தலைவரும் ஆனார்.

ஆக, இசைத்தட்டு நிறுவனம் கண்டெடுத்து விளம்பரம் செய்து உருவாக்கிய நட்சத்திரம் இல்லை இவர். அரசு தேர்ந்தெடுத்து, படிக்க வைத்து, சீருடை கொடுத்து, மேடையில் நிறுத்திய கலைஞர். புகழும் அந்த வழியில்தான் வந்தது. 'நம்பிக்கையின் வயல்வெளியில்' என்ற பாட்டுதான் அவரை 1980-களின் தொடக்கத்தில் நாடு முழுக்கக் கொண்டு சேர்த்தது. ஷி குவாங்நான் இசையமைத்தது. கம்யூன் எனப்பட்ட கூட்டுப்பண்ணைகளின் வயல்கள் பிரிக்கப்பட்டு, குடும்பங்கள் தத்தம் பொறுப்பில் பயிர் செய்யலாம் என்று சீர்திருத்தம் வந்த நேரம் அது. கிராமம் செழிக்கிறது, வீட்டுக்கூரையில் புகை எழுகிறது, இளைஞர்கள் பாடுகிறார்கள் என்று போகும் பாட்டு. கேட்க உண்மையிலேயே உற்சாகமாக இருக்கும். மெட்டில் பொய் இல்லை. ஆனால் அது மாவோவுக்குப் பிறகு நாட்டை வழிநடத்திய டெங் சியாவோபிங்கின் வேளாண் கொள்கைக்கான பாட்டும்தான். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். கேட்டவர்களும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு குரல் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதுகூட அப்போது அரசியல்தான். ஜின் தியெலினிடம் பயின்ற லி குயி என்ற பாடகி, 1980 வாக்கில் மைக்குக்கு நெருக்கமாக, மூச்சுக்காற்று கலந்த குரலில் ஓர் ஊர்ப்பாசப் பாட்டைப் பாடினார். சீரழிந்த இசை என்று பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. பாட்டு ஒதுக்கி வைக்கப்பட்டது. 1983-இல் மத்தியத் தொலைக்காட்சியின் முதல் வசந்த விழா நேரலையில், அந்தப் பாட்டைத்தான் கேட்க வேண்டும் என்று நேயர்கள் தொலைபேசியில் விடாமல் கேட்டார்கள். கடைசியில் அனுமதி கிடைத்தது. பெங்குக்கு அந்தச் சங்கடம் வந்ததே இல்லை. நிமிர்ந்த, திறந்த, வெளிச்சமான குரல். எந்த அதிகாரியும் அதில் குறை காண முடியாது. ஆண்டுதோறும் கோடிக்கணக்கான குடும்பங்கள் பார்க்கும் அந்த வசந்த விழா நிகழ்ச்சியில் அவர் ஏறக்குறைய நிரந்தர உறுப்பினரானார்.

1987 செப்டம்பர் 1 அன்று ஷியாமெனில் எளிமையான திருமணம். நான்காம் நாளே பெங் தேசியக் கலை விழாவுக்காகப் பெய்ஜிங் திரும்பினார். அங்கிருந்து அமெரிக்கா, கனடா இசைப்பயணம். அப்புறம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருவரும் பெரும்பாலும் தனித்தனி ஊர்களில்தான் வேலை பார்த்தார்கள். ஷி 2002 வரை புஜியான் மாகாணத்திலேயே இருந்தார், பிறகு ஷெஜியாங். பெங் பெய்ஜிங்கிலும் சுற்றுப்பயணங்களிலும். ஷி ஜின்பிங் யார் என்று கேட்டால், பெங் லியுவானின் கணவர் என்பதுதான் அப்போது பதில். சீனர்களே சொல்லிச் சிரித்த நகைச்சுவை இது. ஷியின் தந்தை ஷி சோங்ஷுன் துணைப் பிரதமராக இருந்து, 1962-இல் தூக்கியெறியப்பட்டு, மாவோ மறைந்த பிறகே மீண்டும் பதவிக்கு வந்தவர். கட்சி உயர் குடும்பத்து மகனும் ராணுவப் பாடகியும் சேர்ந்ததை அரசியலும் சினிமாவும் கைகோத்த மாதிரி சிலர் எழுதுகிறார்கள். இருவரும் ஒரே முதலாளியின் கீழ் வேறு வேறு துறைகளில் வேலை பார்த்தவர்கள் என்பதே பொருத்தம்.

2007 அக்டோபரில் கட்சியின் 17-ஆவது மாநாட்டில் கட்சியின் உச்ச அதிகார அமைப்பான அரசியல் குழுவின் நிலைக்குழுவுக்குள் ஷி நுழைந்தார். அடுத்த தலைவர் அவர்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெங்கின் பாட்டு ஏறக்குறைய அத்தோடு நின்றது. 2008 முதல் வசந்த விழா மேடையில் அவர் இல்லை. அந்த ஆண்டு வியன்னா அரசு ஆப்பரா அரங்கில் முலான் கதையைச் சொல்லும் சீன ஆப்பராவில் நாயகியாகப் பாடினார். தந்தைக்குப் பதிலாக ஆண்வேடத்தில் போருக்குப் போன வீராங்கனை முலான். அதே ஆப்பராவை 2005-இல் நியூயார்க் லிங்கன் சென்டரிலும் பாடியிருந்தார். அதன் பிறகு, 40-களின் நடுவில், குரல் இன்னும் நல்ல நிலையில் இருக்கும்போதே, வழக்கமான கச்சேரி வாழ்க்கை முடிந்துவிட்டது.

கணவர் நாட்டின் தலைவர் ஆகிறார் என்றால் மனைவி ஏன் பாடக் கூடாது? ஊழல் சந்தேகம், மரியாதைப் பிரச்சினை என்று காரணங்கள் சொல்லலாம். ஆனால் சீனக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு இதில் தனிப்பட்ட ஒரு பழைய காயம் இருக்கிறது. ஜியாங் சிங். அவரும் ஷான்டோங் மாகாணத்துக்காரர்; லான் பிங் என்ற பெயரில் 1930-களில் ஷாங்காய் சினிமாவில் நடித்தவர். 1937-இல் யெனானுக்குப் போய், மறு ஆண்டு மாவோவை மணந்தார். அவர் அரசியலில் தலையிடக் கூடாது என்று மூத்த தோழர்கள் நிபந்தனை போட்டே அந்தத் திருமணத்தை ஒப்புக்கொண்டதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. 1966-இல் பழைய பண்பாட்டையும் எதிரிகளையும் ஒழிப்பதாக மாவோ கிளப்பிவிட்ட கலாச்சாரப் புரட்சி தொடங்கியபோது, நாட்டின் மொத்தக் கலைத்துறையும் அவர் கைக்கு வந்தது. 'மாதிரிப் படைப்புகள்' என்று அவர் முத்திரை குத்திய ஒரு சில ஆப்பராக்களும் பாலே நடனங்களுமே பத்தாண்டுகள் மேடைகளை ஆண்டன. 'வெள்ளைக் கூந்தல் பெண்' கதையின் பாலே வடிவமும் அதில் ஒன்று. மாவோ இறந்த அடுத்த மாதமே, 1976 அக்டோபரில், மேலும் மூன்று தலைவர்களோடு 'நால்வர் கும்பல்' என்ற பெயரில் கைதானார். மரண தண்டனை, பிறகு ஆயுள். 1991-இல் தற்கொலை.

இன்னொரு கதை வாங் குவாங்மெய்யுடையது. ஆடை பற்றியது என்பதால் பெங்கின் கதைக்கு இன்னும் நெருக்கம். குடியரசுத் தலைவர் லியு ஷாவோசியின் மனைவி இவர். 1963-இல் கணவரோடு இந்தோனேசியா போனபோது, சிப்பாவ் என்ற இறுக்கமான சீன உடையும் கழுத்தில் முத்துமாலையும் அணிந்து சுகர்னோவின் விருந்துகளில் கலந்துகொண்டார். ஒரு நாட்டுத் தலைவரின் மனைவி செய்யக்கூடியதைத்தான் செய்தார். 1967 ஏப்ரலில் சிங்குவா பல்கலைக்கழகத்தில், கலாச்சாரப் புரட்சியின் மாணவர் படையான செங்காவலர்கள் அவரை இழுத்துவந்து, அதே மாதிரி உடையைக் கட்டாயப்படுத்திப் போட வைத்து, முத்துக்குப் பதிலாகப் பிங்பாங் பந்துகளைக் கோத்து மாலையாகப் போட்டு, ஆயிரக்கணக்கானோர் முன் அவமானப்படுத்தினார்கள். சிறையிலிருந்து அவர் வெளியே வர ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆயின. கணவர் அதற்குள் இறந்துபோயிருந்தார்.

இதற்குப் பிறகு வந்த தலைவர்களின் மனைவிகள் கண்ணில் படாமல் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. டெங்கின் மனைவி சுவோ லின், ஜியாங் செமினின் மனைவி வாங் யேபிங், ஹூ ஜின்டாவின் மனைவி லியு யோங்சிங் மூவரும் விமானப் படிக்கட்டிலும் விருந்து மேசையிலும் அமைதியாக வந்துபோனவர்கள். சீன அரசமைப்பில் தலைவரின் மனைவி என்ற பதவி எதுவும் இல்லை என்பது வேறு விஷயம்.

2013 மார்ச்சில், குடியரசுத் தலைவரான பிறகு ஷியின் முதல் வெளிநாட்டுப் பயணம் மாஸ்கோவுக்கு. விமானத்திலிருந்து கணவரின் கையைக் கோத்துக்கொண்டு பெங் இறங்கினார். கருநீலக் கோட், இளநீலக் கழுத்துத் துணி, கையில் ஒரு கறுப்புப் பை. கோட்டும் பையும் ஐரோப்பிய நிறுவனத்துடையவை அல்ல, குவாங்சோ நகரின் எக்ஸெப்ஷன் நிறுவனத்துடையவை; வடிவமைத்தவர் மா கே என்று செய்தி பரவியதும் அந்த நிறுவனத்தின் இணையதளம் கூட்ட நெரிசலில் படுத்துவிட்டது. அதே மாதிரி பை, அதே மாதிரி கோட் என்று இணையக் கடைகளில் வியாபாரம் தொடங்கியது. இதில் கவனிக்க வேண்டியது, தணிக்கையாளர்களும் அதே வேகத்தில் வந்ததுதான். அவருடைய உடையைப் பற்றிய சில தேடல்கள் சமூக வலைத்தளங்களில் முடக்கப்பட்டன. புகழ்ச்சிதான் நடக்கிறது, எதற்குத் தடை? ஆள்வோரைப் பற்றி மக்கள் இஷ்டத்துக்குப் பேசுவது புகழ்ச்சியாகவே இருந்தாலும் கட்சிக்கு அது கட்டுக்கு வெளியே போகும் விஷயம். அடுத்த ஆண்டு 'ஷி பெரியப்பா, பெங் அம்மா' என்று இருவரின் காதலையும் பாடும் பாட்டு ஒன்று இணையத்தில் பறந்தது. கொஞ்ச காலம் விட்டுவைத்தார்கள். 2016 வாக்கில் அந்தச் செல்லப்பெயரை ஊடகங்கள் ஓசைப்படாமல் கைவிட்டன.

அதே 2013 மார்ச்சில் இன்னொரு படமும் வெளியே வந்தது. ஒரு ராணுவ இதழின் 1989-ஆம் ஆண்டுப் பின்னட்டை அது. பச்சைச் சீருடையில், முடியைப் பின்னால் கட்டிக்கொண்டு, தியானன்மென் சதுக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இரும்புத் தொப்பிச் சிப்பாய்களுக்கு முன்னால் பெங் பாடிக்கொண்டிருக்கிறார். மாணவர் போராட்டத்தை ஒடுக்கிய ஜூன் 4 துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, ராணுவச் சட்டத்தை அமல்படுத்த வந்திருந்த படையினருக்கான நிகழ்ச்சி. சீன இணையத்திலிருந்து படம் உடனே துடைக்கப்பட்டது. வெளிநாட்டில் அதை அம்பலப்படுத்தலாகப் பார்த்தார்கள். நான் அதை அவருடைய வேலையின் ஒரு நாளாகப் பார்க்கிறேன். அது குற்றத்தைக் குறைப்பதற்காகச் சொல்வது இல்லை. வெள்ளம் வந்த ஊரிலும் எல்லை முகாமிலும் பாட அனுப்பிய அதே துறைதான் அங்கேயும் அனுப்பியது. கிராமத்து விவசாயியின் குரலாக உருவாக்கப்பட்ட குரல், மாணவர்களைச் சுட்ட படைக்கு ஆறுதலாகவும் பயன்பட்டது. திபெத்திய உடையில், ராணுவத்தின் துணிகளைத் திபெத்தியப் பெண்கள் மகிழ்ச்சியோடு துவைப்பதாக வரும் பாட்டை அவர் பாடிய காணொளியும் பிறகு சுற்றியது. சீன ராணுவக் கலைக்குழுவில் அது வெகு சாதாரணமான உருப்படி.

பாட்டு நின்ற பிறகு அவருக்குக் கிடைத்த பொதுவாழ்க்கை, பெரும்பாலும் உடல்நலமும் கல்வியும். 2006-இலேயே சீன சுகாதார அமைச்சகத்தின் எய்ட்ஸ் விழிப்புணர்வுத் தூதராகியிருந்தார். 2011-இல் உலக சுகாதார நிறுவனத்தின் காசநோய், எச்ஐவி நல்லெண்ணத் தூதர். 2014-இல் பெண்கல்விக்கான யுனெஸ்கோவின் சிறப்புத் தூதர். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் ஐநா நிகழ்ச்சியில் ஆங்கிலத்திலேயே பேசினார். எய்ட்ஸ் வேலை வெறும் அலங்காரம் என்று ஒதுக்க முடியாது. பெற்றோரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த குழந்தைகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, சேர்ந்து சாப்பிட்டு விளையாடி, தொட்டால் ஒட்டாது என்று தொலைக்காட்சியில் காட்டினார். அவ்வளவு பிரபலமான ஒருவர் அதைச் செய்தது, ஒதுக்கிவைக்கப்பட்ட குடும்பங்களுக்குச் சிறிய விஷயம் இல்லை.

ஆனால் அந்தக் குழந்தைகளில் பலர் ஏன் அநாதையானார்கள் என்பதை அவர் பேசியதில்லை. 1990-களில் ஹெனான் மாகாணத்தில் ஏழை விவசாயிகளிடம் ரத்தத்தை விலைக்கு வாங்கினார்கள். பிளாஸ்மாவைப் பிரித்துக்கொண்டு, பலருடைய ரத்தத்தின் மீதியை ஒன்றாகக் கலந்து அவர்களுக்கே திருப்பி ஏற்றினார்கள். ஊர் ஊராக எச்ஐவி பரவியது. வியாபாரத்தை ஊக்குவித்ததில் உள்ளூர் அதிகாரிகளுக்கும் பங்கு. இதை வெளியே கொண்டுவந்த முதிய மருத்துவர் காவ் யாவ்ஜியே வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்; 2009-இல் நாட்டை விட்டு வெளியேறி, 2023 டிசம்பரில் நியூயார்க்கில் 95 வயதில் இறந்தார். நோயாளியிடம் பரிவு காட்டலாம், காரணத்தைத் தோண்டக் கூடாது. பெங்குக்கு இருந்த எல்லை அதுதான். சிறுவயதிலிருந்து பயிற்சி பெற்ற கலைஞருக்கு அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தெற்காசியாவிலும் அவரைப் பார்த்திருக்கிறோம். 2014 செப்டம்பரில் ஷியோடு மாலத்தீவு, இலங்கை, இந்தியா வந்தார். கொழும்பிலும், அகமதாபாத்தின் சபர்மதி கரையிலும், டெல்லியில் ஒரு பள்ளிக்கூடத்திலும் படங்கள் எடுக்கப்பட்டன. 2019 அக்டோபரில் மாமல்லபுரத்துக்கு ஷி மட்டும்தான் வந்தார்.

இதற்கிடையில் அவரை உருவாக்கிய அமைப்பையே கணவர் சுருக்கிவிட்டார். ராணுவக் கலைஞர்கள் தனியார் தொலைக்காட்சிப் போட்டிகளில் தலைகாட்டுவதற்கு 2013-இல் கட்டுப்பாடு வந்தது. 2015 செப்டம்பரில் 3 லட்சம் பேரைக் குறைக்கப்போவதாக ஷி அறிவித்தபோது, கத்தி முதலில் விழுந்த இடங்களில் ஆடல்-பாடல் குழுக்களும் உண்டு. போர் செய்யும் ராணுவம் வேண்டும், பாட்டுப் பாடும் ராணுவம் வேண்டாம் என்ற நினைப்பு. பெங் தலைமை தாங்கிய கலைக் கழகம் 2017-இல் தனி அடையாளத்தை இழந்து தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவாக இணைக்கப்பட்டது.

குழுக்களைக் குறைத்தாலும் பழைய கதையை விட்டுவிடவில்லை. 2015-இல், அரங்கேறி 70 ஆண்டுகள் ஆனதையொட்டி, 'வெள்ளைக் கூந்தல் பெண்' முப்பரிமாணக் காட்சிகளோடு புதிதாகத் தயாரிக்கப்பட்டது. யெனானிலிருந்து புறப்பட்டு ஊர் ஊராகப் போனது. கலை இயக்குநர் பெங் லியுவான். சியராகப் பாடியவர் லெய் ஜியா, ராணுவக் குழுவிலிருந்து வந்த அடுத்த தலைமுறைப் பாடகி.